சூலூர்பேட்டை லோக்கல்: கன்டெய்னர் ரேக் படிக்க இடப்பக்க ஜன்னல்

சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் புறப்பட்டு, கும்மிடிப்பூண்டி தாண்டி, ஆரம்பாக்கத்தோடு தமிழ்நாட்டை முடித்துக்கொண்டு, தடா, அக்கம்பேட்டை வழியாகச் சூலூர்பேட்டை போய்ச் சேரும் புறநகர் ரயில் இது. தூரம் சுமார் 83 கிலோமீட்டர். பயணம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். தினமும் வேலைக்குப் போய்வருகிறவர்கள் இதற்கு என்ன மதிப்பெண் கொடுப்பார்களோ, அது அவர்கள் பாடு. கன்டெய்னர் ரயில் என்றால் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்க்கிறவர்களுக்கு, சென்னைக்கு வடக்கே இவ்வளவு மலிவான, இவ்வளவு நல்ல இருக்கை வேறு கிடையாது. அந்தக் கோணத்தில் மட்டுமே இந்த மதிப்பீடு.

யார்டு பார்க்க வேண்டும் என்று கிளம்புகிற எவரும் முதலில் முட்டிக்கொள்வது மதில் சுவரில்தான். ஏற்றுமதி இறக்குமதிப் பெட்டிகள் நிற்கும் டிப்போ சுங்கத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கும் இடம். துறைமுகம் அதைவிடக் கெடுபிடி. தண்டையார்பேட்டை யார்டும், ரயில்வேயின் கன்டெய்னர் நிறுவனமான கான்காரின் முனையமும் ஜன்னலுக்கு வெளியே சில நிமிடம் தெரிந்து மறைந்துவிடும். அடுக்கி வைத்த பெட்டிகளின் உச்சி, பெட்டி தூக்கும் ரீச் ஸ்டாக்கர் வண்டியின் கை, அவ்வளவுதான். அதைப் பார்த்துச் சலித்து எண்ணூரிலேயே இறங்கித் திரும்புகிறவர்கள் உண்டு. அவர்கள் விட்டுவிட்டு வருவது மிச்ச 60 கிலோமீட்டரை. யார்டுக்குள் என்ன வேலை நடந்தது என்பது வெளியே வரும் ரேக்கின், அதாவது கோத்த வேகன் வரிசையின், மேல் அப்படியே தெரியும். எந்தப் பெட்டி எந்த வேகனில், எந்தப் பக்கம் கதவு, எங்கே காலி இடம், எது பாரம், எது வெறும் பெட்டி எல்லாவற்றையும் படிக்கலாம். படிக்க ரேக் நிற்க வேண்டும். இந்த வழித்தடத்தில் அது நிற்கும்.

நிற்பதற்குக் காரணம் தடங்களின் எண்ணிக்கை. கொருக்குப்பேட்டையில் கடற்கரை, ராயபுரம் பக்கத்துத் தடம் வந்து சேர்கிறது. அங்கிருந்து அத்திப்பட்டு வரை கூடுதல் தடங்கள் இருப்பதால் சரக்கு ரயில் தன் வழியில் போய்க்கொண்டிருக்கும். அத்திப்பட்டில் கிழக்கே, அதாவது வடக்கு நோக்கிப் போகும்போது வலப்பக்கம், காமராஜர் துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் தடம் பிரிகிறது. அதைத் தாண்டினால் இரண்டே தடம். விஜயவாடா பக்கம் போகும் எக்ஸ்பிரஸ், லோக்கல், நிலக்கரி, டேங்கர், கன்டெய்னர் எல்லாவற்றுக்கும் அதேதான். பின்னால் எக்ஸ்பிரஸ் வந்தால் சரக்கு ரயிலை லூப் எனும் பக்கத் தடத்தில் ஒதுக்கியே ஆக வேண்டும். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, ஏளாவூர் என்று இந்த வரிசையில் எங்காவது ஒரு ரேக் சிக்னலுக்குக் காத்து நிற்கும் வாய்ப்பு அதிகம். நம் லோக்கல் அதன் பக்கத்தில் மெதுவாக வந்து நிற்கும்போது, இரண்டு மூன்று மீட்டர் இடைவெளியில் வேகன் எண்ணிலிருந்து, பெட்டியை வேகனோடு பூட்டும் ட்விஸ்ட் லாக் வரை கண்ணுக்கு எதிரே இருக்கும்.

எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பது முக்கியம். நம் ஊரில் ரயில் இடப்பக்கத் தடத்தில் ஓடும். வடக்கே போகும்போது இடப்பக்கம் மேற்கு. வடக்கே போகும் சரக்கு ரயிலை ஒதுக்கும் லூப் பெரும்பாலும் அந்தப் பக்கமே. காலையில் கிழக்கு வெயில் அந்த ரேக்கின் நம்மைப் பார்க்கும் முகத்தில் நேராக விழும். மாலையில் தெற்கே திரும்பும்போது இடப்பக்கம் கிழக்கு. அந்தப் பக்க லூப்பில் நிற்கும் ரேக்கின் மேல் மேற்கு வெயில் விழும். ஆகவே காலையில் போகும்போதும் மாலையில் வரும்போதும் இடப்பக்க ஜன்னல். வலப்பக்க ஜன்னலில் எதிர்த் தடத்து ரயில்கள் தெரியும், ஆனால் எதிர்வெயிலில் நிழலாக, கண் இமைக்கும் நேரத்துக்குள்.

கண் இமைக்கும் நேரம் என்பதைக் கணக்காகவே சொல்லலாம். கன்டெய்னர் ரேக்கின் வழக்கமான அளவு 45 வேகன், கடைசியில் கார்டுக்கான ஒரு பிரேக் வேன். எஞ்சினையும் சேர்த்து 600 மீட்டருக்கு மேல் வரும். இப்படிப்பட்ட ரயில் அடங்கத்தான் லூப் தடங்களை 686 மீட்டருக்குக் கட்டினார்கள். ரேக் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால், பிளாட்பாரத்தில் நிற்கிறவருக்கு 36 நொடிக்கு மேல் கிடைக்கும். எதிரே நம் ரயிலும் அதே வேகத்தில் போனால் அதில் பாதிதான். 18 நொடியில் 45 வேகனைப் படிக்க முடியாது. ஐந்தைந்தாக எண்ணப் பழக வேண்டும். பிஎல்சி எனும் தாழ்தளக் கன்டெய்னர் வேகன்கள் ஐந்து சேர்ந்து ஒரு தொகுதி: இரண்டு முனையிலும் பிஎல்சிஏ, நடுவில் மூன்று பிஎல்சிபி. முனைகளில் மட்டும் கழற்றி மாட்டும் வழக்கமான சிபிசி கப்ளர். உள்ளே தளர்ச்சியில்லாத டிராபார் எனும் இணைப்புத் தண்டு, யார்டில் அதைக் கழற்றமாட்டார்கள். ஒன்பது தொகுதி எண்ணி முடித்தால் முழு ரேக். இதனால் ஒரு வேகனில் பழுது வந்தாலும் ஐந்தையும் சேர்த்தே வெட்டி எடுக்க வேண்டும். 40 வேகனோடு ஒரு ரேக் வந்தால் ஒரு தொகுதி பழுதுக்குப் போயிருக்கலாம் என்று யூகிப்பது இதை வைத்துத்தான்.

சக்கரத்தைப் பாருங்கள். சாதாரண சரக்கு வேகனின் சக்கரம் 1000 மில்லிமீட்டர் விட்டம். பிஎல்சியில் 840. தளத்தைத் தாழ்த்துவதற்காக அப்படி. தண்டவாளத்திலிருந்து தளம் 1009 மில்லிமீட்டர், அதன் மேல் 2896 மில்லிமீட்டர் உயரமுள்ள, ஹைக்யூப் எனும் உயர்ந்த வகைப் பெட்டி, ஆக மொத்தம் 3905. மேலே மின்கம்பி சுமார் ஐந்தரை மீட்டரில். இன்னொரு முழுப்பெட்டியை மேலே அடுக்க இங்கே இடமே இல்லை. மேற்குச் சரக்குப் பாதையில் இரண்டடுக்கு ஓடுகிறதென்றால், அங்கே கம்பியை ஏழரை மீட்டர் அளவுக்குத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். சூலூர்பேட்டையில் இரண்டடுக்கு வருமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். இன்றைய கம்பி உயரத்தில் வராது.

பாரக் கணக்கும் அழகாகப் பொருந்தி நிற்கிறது. பிஎல்சி வேகன் சுமக்கக்கூடியது 61 டன். ஒரு 20 அடிப் பெட்டியின் உச்ச மொத்த எடை 30.48 டன். இரண்டு பெட்டி வைத்தால் 60.96. வேகனை வடிவமைத்தவர்கள் பெட்டியை மனதில் வைத்தே அளந்திருக்கிறார்கள். ஒரு வேகனில் இரண்டு 20 அடி அல்லது ஒரு 40 அடி, ஒரு ரேக்கில் 90 டிஇயு, அதாவது 20 அடிப் பெட்டிக் கணக்கில் 90. பெட்டி பாரமா காலியா என்பதைப் போகியின், அதாவது வேகனுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தின், ஸ்பிரிங் சொல்லும். சுருள்களுக்கு இடையே வெளிச்சம் நன்றாகத் தெரிந்தால் காலி, நெருங்கி அழுந்தியிருந்தால் பாரம். இரண்டு 20 அடியில் ஒன்று பாரம், ஒன்று காலி என்றால் ஒரு பக்க போகி அழுந்தி, மறுபக்கம் தூக்கி நிற்கும். அப்படி நின்றால் அது நல்ல ஏற்றுதல் இல்லை. இலேசான பக்கச் சக்கரத்தில் பாரம் குறைந்து, வளைவில் தடம் புரளும் அபாயம் கூடும்.

பெட்டியின் நான்கு மூலைக்கும் கீழே ட்விஸ்ட் லாக். பிஎல்சியில் இருப்பது தானியங்கி வகை. பெட்டியின் கனத்தில் தானாக உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும், கிரேன் நேராகத் தூக்கும்போது விசையில் விடுபடும். சிக்கல் வருவதும் இங்கேதான். துருப்பிடித்த லாக் விடாமல் பிடித்துக்கொண்டால் பெட்டியோடு வேகனும் மேலே எழும், பிறகு நழுவி விழும்போது சக்கரம் தண்டவாளத்தை விட்டு விலகும். அதனால்தான் ரீச் ஸ்டாக்கர் ஓட்டுகிறவர் முதலில் ஒரு சாண் அளவு தூக்கி நிறுத்தி, நான்கு மூலையும் விட்டதா என்று கீழே இருப்பவர் கை காட்டிய பிறகே மேலே எடுக்கிறார். லாக் சரியாகப் பூட்டாமல் போனால் கதை வேறு. பாரப் பெட்டி தன் எடையிலேயே நிற்கும். காலிப் பெட்டியைக் கடற்கரைக் காற்று பெயர்த்துவிடலாம். லூப்பில் நிற்கும் ரேக்கில் மூலைப் பொருத்தியின் கீழே இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். பெட்டியின் அடி தளத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் தூக்கலாகத் தெரிந்தால் உடனே ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லுங்கள். படம் எடுப்பது அதற்குப் பிறகு.

இரண்டு 20 அடிப் பெட்டிகளைக் கதவும் கதவும் ஒன்றையொன்று பார்க்க வைப்பது வழக்கம். வேகனின் நடுவில் அந்த இரண்டு கதவுக்கும் இடையே ஆள் கை நுழைத்துக் கதவின் முத்திரையை உடைக்க இடம் இருக்காது. கதவு வெளிப்பக்கம் பார்த்து நின்றால் டிரெய்லரில் திரும்பிய நிலையிலேயே வந்து, திருப்ப நேரமில்லாமல் ஏற்றியிருக்கலாம். இப்படிச் சின்னச் சின்ன அடையாளங்களில்தான் யார்டின் அவசரம் தெரியும்.

பெட்டி எண்ணைப் படிப்பது இந்தப் பொழுதுபோக்கின் நெஞ்சு. நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கட்டத்துக்குள் ஒரு சோதனை இலக்கம். முதல் மூன்று எழுத்து உரிமையாளர், நான்காவது பெரும்பாலும் யூ. மங்கலாகத் தெரிந்த எண்ணைச் சரிபார்க்க வழி உண்டு. ஏ என்றால் 10 என்று தொடங்கி, 11, 22, 33 ஆகியவற்றைத் தவிர்த்து எழுத்துக்கு மதிப்புக் கொடுங்கள். பி 12, சி 13, கே 21, எல் 23, யூ 32, வி 34 என்று போகும். முதல் இடத்தை 1ஆல், அடுத்ததை 2ஆல், பிறகு 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய்ப் பத்தாவது இடத்தை 512ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 11ஆல் வகுத்து வரும் மீதியே சோதனை இலக்கம். மீதி 10 என்றால் 0 என்று எழுதுவார்கள். சி, எஸ், க்யூ, யூ, 305438 என்ற எண்ணை எடுத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 6185, மீதி 3. கட்டத்தில் 3 இருந்தால் சரியாகப் படித்திருக்கிறீர்கள். எண்ணுக்குக் கீழே இன்னொரு நான்கு குறி இருக்கும். 22ஜி1 என்றால் 20 அடிச் சாதாரணப் பெட்டி, 45ஜி1 என்றால் 40 அடி ஹைக்யூப், 45ஆர்1 என்றால் குளிர்பெட்டி. குளிர்பெட்டிக்கு வழியில் மின்சாரம் தேவை. அருகே ஜெனரேட்டர் எதுவும் இல்லாமல் அது போகிறதென்றால் காலியாகவோ, குளிர் தேவையில்லாத சரக்கோடோ போகிறது.

வேகன் எண் 11 இலக்கம். முதல் இரண்டு வேகன் வகை, அடுத்த இரண்டு உரிமையாளர் ரயில்வே, ஐந்தும் ஆறும் கட்டிய ஆண்டு, பிறகு நான்கு இலக்க வரிசை எண், கடைசியில் சோதனை இலக்கம். ஒரே தொகுதியின் ஐந்து வேகனிலும் கட்டிய ஆண்டு ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பயிற்சி. உரிமையாளர் விஷயத்தில் ஒரு பின்னணி: கான்கார் 1988இல் தொடங்கி, 1989 நவம்பரில் ரயில்வேயின் ஏழு டிப்போக்களை ஏற்று வேலையை ஆரம்பித்தது. தனியாருக்குக் கன்டெய்னர் ரயில் ஓட்டும் உரிமை 2006 கொள்கைக்குப் பிறகே கிடைத்தது. 2007க்கு முன் கட்டிய பிஎல்சி வேகன் கண்ணில் பட்டால் அது கான்காருக்காகப் பிறந்தது என்று சொல்வது கடினமில்லை.

யார்டுக்குள் ரேக் எவ்வளவு நேரம் நின்றிருக்கும் என்பதையும் வெளியிலிருந்தே மதிப்பிடலாம். ஏற்றும் தடத்தின் மேல் மின்கம்பி இருக்க முடியாது, ரீச் ஸ்டாக்கரின் கை அங்கே ஆட வேண்டும். எனவே மின் எஞ்சின் கம்பி இருக்கும் இடத்தோடு நின்று ரேக்கைப் பின்னாலிருந்து தள்ளும், அல்லது டீசல் எஞ்சின் வந்து எடுத்துப் போகும். ஒரு பெட்டிக்கு மூன்று நிமிடம் என்று வைத்தால், ஒற்றை ஸ்டாக்கர் 90 பெட்டியை இறக்க 270 நிமிடம், நாலரை மணி நேரம். 40 அடிப் பெட்டிகள் மட்டும் என்றால் 45 தூக்கல், அதில் பாதி. ஆக முழுக்க 40 அடியாக வரும் ரேக் யார்டை விட்டுச் சீக்கிரம் வெளியேறும். ஸ்டாக்கர் முதல் வரிசையில் 45 டன் வரை தூக்கும், ஒரு தடம் தள்ளிக் கை நீட்டினால் 30 டன்னுக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். பாரப் பெட்டியை ஒரு ரேக்கைத் தாண்டி இன்னொரு ரேக்கில் வைப்பது எளிதில்லாதது அதனால்தான். ரேக்கின் நடுவே காலி வேகன் இருந்தால், லாக் பழுதா, பெட்டி வந்து சேரவில்லையா என்று கேட்டுப் பாருங்கள். காலி வேகனுக்கும் இழுவைக் கட்டணம் உண்டு, யாரும் விரும்பி இடம் விடுவதில்லை.

தடா பக்கத்து ஸ்ரீசிட்டியில் இவ்வளவு ஆலைகள் இருந்தும் அவற்றின் பெட்டிகள் நெடுஞ்சாலை 16இல் டிரெய்லரில் போவதைப் பார்த்துப் பலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். துறைமுகம் நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும்போது, ரயிலில் ஏற்ற ஒரு தூக்கல், இறக்க ஒரு தூக்கல், இரண்டு முனையிலும் காத்திருப்பு என்று செலவு ஏறிவிடும். டிரெய்லர் ஆலை வாசலில் ஏற்றித் துறைமுக வாசலில் இறக்கும். ரயிலின் பலம் ஹைதராபாத் சனத்நகர், நாக்பூர், டெல்லி துக்ளகாபாத் மாதிரி தூரங்களில்தான்.

ரேக் புறப்படப் போகிறதா என்று அறிய காதைத் தீட்டுங்கள். பிரேக் பைப்பில் எஞ்சின் முனையில் 5 கிலோ அழுத்தம் ஏறி, கடைசி பிரேக் வேனில் 4.8 காட்டிய பிறகே வண்டி நகரும். பிரேக் விடுபடும் சீறல் முன்னாலிருந்து வேகன் வேகனாகப் பின்னால் ஓடிவரும். அது கேட்டால் கேமராவை எடுக்க வேண்டிய நேரம். இழுப்பது பெரும்பாலும் 6120 குதிரைத்திறன் டபிள்யூஏஜி-9 அல்லது 5000 குதிரைத்திறன் டபிள்யூஏஜி-7. பழைய டபிள்யூஏஜி-7இன் மின்விசிறி இரைச்சலைக் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் காணலாம்.

படம் எடுக்க: பெட்டி எண்ணின் எழுத்து 10 சென்டிமீட்டர் உயரம். 60 கிலோமீட்டர் வேகத்தில் ரேக் நொடிக்கு 16.7 மீட்டர் போகும். ஷட்டர் ஆயிரத்தில் ஒரு நொடி என்றால் அந்த நேரத்தில் எழுத்து நகர்வது 1.7 சென்டிமீட்டர், படிக்க முடியும். மாலை வெளிச்சம் குறைந்ததும் போன் தானாக நூற்றில் ஒரு நொடிக்கு இறங்கிவிடும். அப்போது எழுத்து 17 சென்டிமீட்டர் இழுபட்டு எதுவும் தெரியாது. புரோ மோடில் ஷட்டரைக் கையால் பூட்டுங்கள். லோக்கலின் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து எடுக்க லென்ஸைக் கம்பிக்கு இடையில் ஒட்டி வைத்தால் போதும். கையையோ போனையோ வெளியே நீட்டவும் வேண்டாம், கதவில் தொங்கவும் வேண்டாம். பக்கத்துத் தடத்தில் ரேக் நகரும்போது இடைவெளி நினைப்பதைவிடக் குறைவு.

தண்டவாளத்தில் இறங்குவது ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கவரைப்பேட்டையில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. 2024 அக்டோபர் 11 அன்று மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் லூப்புக்குள் புகுந்து நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது அங்கேதான். தடம் பிரியும் பாயிண்ட் அருகே, சிக்னல் பெட்டி அருகே கேமராவோடு சுற்றக் கூடாது. பிளாட்பாரத்தின் நடுவில், பயணச்சீட்டோடு, கேட்டால் பதில் சொல்லும் தயார்நிலையில் நில்லுங்கள். சூலூர்பேட்டையில் டிரோன் என்ற பேச்சே வேண்டாம், ஸ்ரீஹரிகோட்டா பக்கத்திலேயே இருக்கிறது.

குறைகளும் உண்டு. கும்மிடிப்பூண்டி வரை வண்டிகள் அடிக்கடி கிடைக்கும். அதைத் தாண்டிச் சூலூர்பேட்டை போவது எண்ணிச் சொல்லும் அளவுதான், ஒன்றை விட்டால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸுக்கு வழிவிட லோக்கலும் நிற்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது எரிச்சல், நமக்கு அது பார்க்கும் நேரம், ஆனால் திரும்பும் கணக்கு தவறிவிடும். இஎம்யூ எனும் புறநகர் மின்ரயில் பெட்டியில் கழிப்பறை கிடையாது. காலையில் சிப்காட் போகும் கூட்டம் கும்மிடிப்பூண்டியில்தான் இறங்கும், அதுவரை ஜன்னல் கிடைப்பது சிரமம். ஜன்னல் உறுதியாக வேண்டுமென்றால் மூர் மார்க்கெட்டிலேயே ஏறுங்கள், பேசின் பிரிட்ஜில் ஏறினால் நின்றுகொண்டுதான்.

அரை நாள் மட்டும் இருப்பவர்கள் சூலூர்பேட்டை வரை போகத் தேவையில்லை. கும்மிடிப்பூண்டியில் இறங்கி நடைமேம்பாலத்தின் படிக்கட்டு ஓரம், நடப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் நின்றால் இரண்டு பக்கமும் தெரியும். மேலிருந்து பார்த்தால் பெட்டியின் கூரை தெரியும், பள்ளம் விழுந்த கூரை, ஒட்டுப்போட்ட கூரை எல்லாம் கீழிருந்து தெரியாதவை. முழு நாள் இருந்தால் மட்டும் சூலூர்பேட்டை. ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடைகளில் தமிழிலேயே கேட்கலாம், தமிழிலோ தெலுங்கிலோ பதில் வரும். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் அவசியம், ஏளாவூர், ஆரம்பாக்கம் மாதிரி சின்ன ஸ்டேஷன்களில் நிழல் குறைவு. ரயில்வேயின் செயலியில் சீட்டு எடுப்பதை ஸ்டேஷனுக்குள் நுழையும் முன்பே முடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு. கடைசித் திரும்பும் வண்டியின் நேரத்தைப் புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், அதை விட்டால் சாலையில் பேருந்துதான்.